அக்காவுக்குப் பின்னால் நிற்கும் மலை

அம்மாவின் சிறுநீரகம் கைவிட்ட பிறகு நான் தொழிற்சாலையில் இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரவெல்லாம் கையுறைகளைப் பெட்டியில் அடைத்துவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து, அம்மாவைக் குளிப்பாட்டி, காரில் ஏற்றி, சுங்கை பட்டாணியில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டு போவேன். இயந்திரம் ஓடுகிற நேரமெல்லாம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவேன். கண் அசந்த நேரம் பார்த்துத் தாதிப் பெண் வந்து, "அக்கா, உங்கம்மா கூப்பிடுறாங்க" என்று எழுப்புவாள். என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடினால், கையில் இரண்டு ஊசிகளோடு படுத்திருக்கும் அம்மா ஒரே ஒரு கேள்வியைக் கேட்பாள்.

"அந்த மலை எதுன்னு தெரிஞ்சிச்சா?"

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி நாற்காலிக்குப் போவேன். போன தூக்கம் திரும்பி வராது.

மலை ஒரு படத்தில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். மூலைகள் மடிந்து, நடுவில் ஒரு கீறல். பெஞ்சின் மேல் பாய் விரித்து ஒரு சிறுமியைக் கிடத்தியிருக்கிறார்கள். பாவாடை சட்டை, நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் அவள் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய மாலை. தலைமாட்டில் ஒரு விளக்கு. பெஞ்சுக்குப் பின்னால் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கிறார்கள். கேமராவைப் பாருங்கள் என்று யாரோ சொன்னதால் பார்க்கிற முகங்கள். அவர்களுக்குப் பின்னால், மறுநடவுக்காக ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்த வெட்டவெளி. அதற்கும் அப்பால் அந்த மலை.

சிறுமி என் அக்கா. இறந்த பிறகு எடுத்த படம். தோட்டங்களில் அப்போது அது வழக்கம்தான். உயிரோடு ஓடியாடித் திரிகிறபோது பிள்ளையைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றாது. அதற்கு வசதியும் கிடையாது. சாவு விழுந்தால் மட்டும் எப்படியாவது பட்டணத்திலிருந்து ஸ்டூடியோக்காரரைக் கூட்டி வந்துவிடுவார்கள். அக்காவின் முகம் என்று எங்கள் வீட்டில் இருப்பது கண் மூடிய அந்த ஒரு முகம்தான்.

அவள் போனபோது அம்மா பக்கத்தில் இல்லை. என்னைப் பெறுவதற்காக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிரசவம் சிக்கலாகி நாள்கள் இழுத்தன. அப்பா பால் வெட்டப் போவாரா, பிள்ளையைப் பார்ப்பாரா? அக்காவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியப்பா வீட்டில் விட்டார். பெரியப்பா குத்தகை வேலைக்காரர். ஒரு தோட்டத்தில் மரம் வெட்டி முடித்தால் அடுத்த தோட்டத்துக்குச் சட்டிப் பானையோடு கிளம்பிவிடுவார். அவர் அப்போது எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதை அம்மா கேட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை. வயிற்று வலியில் துடிக்கிறவள் அதையெல்லாம் எங்கே கேட்பாள்? அங்கே அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. போய்விட்டாள். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் காட்ட அந்தப் படம் வந்து சேர்ந்தது.

பச்சை உடம்புக்காரி இடுகாட்டுக்குப் போகக்கூடாது என்றார் அப்பா. உடம்பு தேறிய பிறகு, பொம்பளைகள் அங்கேயெல்லாம் போகிற வழக்கமில்லை என்றார். அதற்கப்புறம் பெரியப்பா தோட்டம் மாறிவிட்டார். மேற்கொண்டு கேட்டால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இப்போது அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லை. மிச்சம் இருப்பது மலை மட்டும்தான்.

எனக்கு அக்கா மேல் பாசம் உண்டா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல வராது. என் பிறந்தநாளும் அவள் நினைவு நாளும் அடுத்தடுத்து வரும். எங்கள் குடும்பத்தில், கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், பொரி, பலகாரம் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். படையல் முடிந்ததும் அந்தப் பாவாடையை வீட்டில் இருக்கிற சின்னப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சின்னப் பெண் நான். ஒவ்வொரு வருஷமும் என் பிறந்தநாளுக்குக் கிடைத்த புதுத்துணி அவள் கட்டி முடித்ததாகச் சொல்லப்பட்ட துணி. நான் வளர்ந்து பாவாடையை விட்ட பிறகும் அம்மா அதே அளவில் வாங்கிக்கொண்டிருந்தாள். படைத்துவிட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். சண்டை போட வேண்டுமென்றாலும் எதிரே ஆள் வேண்டுமே. செத்தவளோடு எப்படிப் போடுவது?

டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் அம்மாவுக்கு இந்தப் பிடிவாதம் வந்தது. அக்கா கிடக்கிற இடத்திலிருந்து ஒரு பிடிமண் வேண்டும் என்றாள். சாமியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டு போகிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள் அல்லவா, அதே போல.

"நான் போறப்போ அந்த மண்ண என் கூட வச்சிரணும். அவ தனியா கெடந்தது போதும்," என்றாள்.

இப்படிக் கேட்டால் யார்தான் முடியாது என்பார்கள்? எனக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான், லாரி ஓட்டுகிறான். கெடா மாநிலத்தில் தனக்குத் தெரியாத சாலை கிடையாது என்று பேசுகிறவன். படத்தைப் பார்த்தான். பார்த்ததுமே சொல்லிவிட்டான்.

"இது ஜெராய்தான்லா. இதுக்குப் போயி இவ்ளோ யோசனையா?"

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் படத்தைக் காட்டிய எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். செமிலிங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், கோயில் பூசாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருமே ஜெராய் மலையைப் பார்த்துப் பல் விளக்கி வளர்ந்தவர்கள். மழை வருமா என்று பார்ப்பதும் அதைத்தான், வீட்டுக்கு வழி அடையாளம் வைத்துக்கொள்வதும் அதைத்தான். அதனால் எந்தப் படத்தில் எந்த மேடு தெரிந்தாலும் ஜெராய்தான். இதில் மேலே ஒரு பள்ளம் இருக்கிறதே, நம் மலையில் இல்லையே என்று கேட்டால், "அந்தப் பக்கமிருந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால், நாம் இப்போது நிற்காத பக்கம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மலையைச் சுற்றினோம். அம்மா முன் இருக்கையில், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு. நான் பின்னால், பாதித் தூக்கத்தில். மெர்போக் போனோம், பீடோங் போனோம், உள் சாலைகளில் எண்ணெய்க்காக நட்ட செம்பனைகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போனோம். தம்பி வண்டியை நிறுத்துவான், படத்தைத் தூக்கிப் பிடிப்பான், ஒரு கண்ணை மூடுவான். பல நாட்கள் மேகம் மலையை மூடிவிடும். மாமாக் சாப்பாட்டுக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். அம்மாவுக்குச் சர்க்கரையும் ஆகாது, தண்ணீரும் அளவோடுதான். எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

கடைசியில் குரூணுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் தம்பி கத்தினான். "இதான்! இதான்!" மேற்கே மலை நின்றது. பள்ளம் மாதிரி ஒன்று தெரிந்தது. பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் தெரிகிற பள்ளம். பெரியப்பா குரூண் பக்கம் வேலை செய்தது உண்மைதான். எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடியே சொல்கிறேன்: அப்பாடா, முடிந்தது என்று தோன்றியது. அம்மாவை இரண்டு பேருமாகப் பிடித்து இறக்கினோம். செம்பனைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம்தான் நடந்தாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, செம்மண்ணை ஒரு பிடி அள்ளி, முந்தானையில் கட்டிக்கொண்டாள். "வாம்மா வீட்டுக்கு," என்று மண்ணிடம் சொன்னாள். தம்பி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

மண்ணை ஒரு மைலோ டின்னில் போட்டு, சாமி மேடையில் வைத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி அந்த டின்னை மடியில் வாங்கி, துடைத்து, குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். டயாலிசிஸ் நிலையத்தில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஊசி குத்தும்போது முகம் சுளிப்பதுகூடக் குறைந்துவிட்டது. நானும் பிளாஸ்டிக் நாற்காலியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தத் தூக்கத்துக்கும் நாள் குறித்திருந்தது. புக்கிட் செலம்பாவில் தூரத்து உறவில் ஓர் அத்தை இறந்துபோனார். அம்மாவால் வர முடியாது. வீட்டின் சார்பாக நான் போனேன். சவப்பெட்டியைக் கூடாரத்துக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். சவ ஊர்தி ஓட்டி வந்த பையன்கள் அவசரத்தில் எப்படியோ வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு மாமா வேட்டியை மடித்துக் கட்டியபடி பாய்ந்து வந்தார்.

"டேய், என்னடா வேல பாக்குறீங்க? தலைய தெக்க திருப்புங்கடா! வடக்க தல வச்சுக் கெடத்துவாங்களா?"

எல்லாருமாகத் தூக்கிப் பெட்டியைத் திருப்பினார்கள். தலை தெற்கே வந்தது. அத்தை அதற்குப் பிறகு சரியாகப் படுத்திருப்பதாக எல்லாருக்கும் தோன்றியது. எனக்குத்தான் அக்கா கிடந்த பெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது.

கூடாரத்தின் ஓரத்துக்குப் போய்க் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்த அக்காவின் படத்தை எடுத்துப் பார்த்தேன். தலைமாட்டில் விளக்கு. தலை படத்தின் வலது பக்கம். பெரியப்பாவும் பெரியம்மாவும் பக்கத்தில் நிற்கும்போது வடக்கே தலை வைத்துப் பிள்ளையைக் கிடத்தியிருக்க மாட்டார்கள். அப்படியானால் வலது பக்கம் தெற்கு. வலது கைப் பக்கம் தெற்கு இருக்க வேண்டுமென்றால், படம் பிடித்தவர் கிழக்கே பார்த்து நின்றிருக்க வேண்டும். ஆக, அந்த மலை கிழக்கே இருக்கிறது. நாங்கள் மண் எடுத்த இடத்திலிருந்து ஜெராய் மேற்கே.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மலையைச் சுற்றி வந்தோம்! மலையை மட்டுமே பார்த்தோம். செத்துக் கிடந்த பிள்ளையை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

தம்பியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். முதலில் அவனுக்குக் கோபம் வந்தது.

"படத்த இடவலம் மாத்திக் கழுவியிருப்பான்க்கா. அந்தக் காலத்து ஸ்டூடியோ."

"பெரியம்மா முந்தானைய பாரு. இடது தோள்லதான இருக்கு. மாத்திக் கழுவுனா வலது தோளுக்குல்ல போயிருக்கும்?"

அவன் விடவில்லை. ஜெராய்க்கு மேற்கே நின்று பார்த்தால் கிழக்கேதானே தெரியும் என்றான். அந்தப் பக்கம் நெல் வயலும் கடலும்தான், பால்மரம் வெட்டுகிற பெரியப்பா அங்கே போய் என்ன செய்திருப்பார் என்றேன்.

"அப்ப மாஹாங் பக்கமா இருக்கும்," என்றான் கடைசியில், குரல் இறங்கி. "பெரியப்பா அங்கயும் இருந்திருக்காரு. அங்க கெழக்க நீளமா ஒரு மலைத்தொடர் ஓடும், பேராக் எல்லையில. நான் எத்தன நட போயிருக்கேன். தோணவே இல்ல பாரேன்." பிறகு கெஞ்சுகிற மாதிரி சொன்னான்: "விட்ருக்கா. அம்மா இப்பதான் நிம்மதியா இருக்கு. மண்ணுல என்னக்கா பேர் எழுதியா இருக்கு?"

விட்டுவிடத்தான் நினைத்தேன். எனக்கும் போதும் போதும் என்று ஆகியிருந்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே போய்விட்டு வந்த பிள்ளையை விசாரிப்பது போல அதனிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது யாரோ மிதித்துப் போன வெறும் மண் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் ஒரு நாள் அவள் பெட்டிக்குள் என் கையால் வைக்கப்போகிறேன். அங்கேயும் போய் அவள் ஏமாற வேண்டுமா? பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

மறுபடி காரில் ஏற்றி அம்மாவை அவ்வளவு தூரம் கொண்டு போக முடியாது. அதற்குள் கால் மோசமாகிவிட்டது. அவளை இயந்திரத்தில் படுக்க வைத்துவிட்டு, தாதிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, தம்பியின் லாரியில் ஏறினேன். கூலிம் தாண்டி மாஹாங் பக்கம் உள்ளே போகப் போக, இரண்டு பக்கமும் செம்பனை. நான் ஜன்னலில் தலையை இடித்துக்கொண்டு தூங்கினேன். வண்டி நின்றதும் விழித்தேன்.

கிழக்கே மலை இருந்தது. யாரும் கத்தவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்க்கத் தேவையில்லாமல், படத்தில் எப்படி நின்றதோ அப்படியே நின்றது. நடுவில் பள்ளம், அதற்கு இடது பக்கம் மண்டி போட்ட எருமையின் முதுகு மாதிரி ஒரு மேடு. அதற்கு முன்னால் பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லை, பெஞ்சும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இடுகாடு எங்கே என்று விசாரித்தோம். பழைய இடுகாட்டையெல்லாம் எப்போதோ செம்பனை போட்டு மூடிவிட்டார்கள் என்றார் மோட்டார் சைக்கிளில் போன ஒருவர். கையை நீட்டிப் பொதுவாக ஒரு பக்கத்தைக் காட்டினார்.

அந்தப் பக்கம் நடந்து, ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அழ வேண்டும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. "உன்னால எனக்கு ஒரு நாள்கூடத் தூக்கம் இல்ல, தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவளோடு நான் போட்ட முதல் சண்டை அதுதான். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. எனக்கு இடம் விடுவதற்காக வேறு வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். காய்ச்சலில் அம்மா அம்மா என்று அனத்தியிருப்பாள். அவள் கூப்பிட்ட அம்மா அப்போது என்னைப் பெற்றுக்கொண்டிருந்தாள்.

கறுத்த, ஈரமான மண். பிடிமண் என்றால் ஒரு பிடிதான் எடுக்க வேண்டும். நான் இரண்டு கையாலும் வாரி வாரிப் பையில் போட்டேன். இன்னொரு தடவை வர எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திறந்தேன். குரூண் மண்ணைக் கொட்டிவிட்டு இதைப் போடுவதாகத்தான் திட்டம். வாசல் பூச்செடி வரை கொண்டு போய்விட்டேன். கொட்ட மனசு வரவில்லை. அவ்வளவு நாள் குங்குமம் வாங்கிய மண். அம்மா வீட்டுக்கு வா என்று கூப்பிட்டு, கூப்பிட்டதும் வந்த மண். யாருடைய பிள்ளையாக இருந்தால் என்ன? திரும்பி உள்ளே வந்து, கறுப்பு மண்ணை அதன் மேலேயே கொட்டி, கரண்டியால் கலந்து, மூடியை அழுத்தி மூடினேன். சாமி மேடையில் வைத்துவிட்டு அம்மாவை அழைத்து வரக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல டின்னை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். வாங்கியவளின் கை கொஞ்சம் கீழே இறங்கியது. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். மேலும் கீழும் லேசாகத் தூக்கிப் பார்த்தாள். நான் விளக்குத் திரியைச் சரி செய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கனக்குறாளே," என்றாள் அம்மா.

அம்மா டின்னை மடியில் உட்கார வைத்து, முந்தானையால் சுற்றித் துடைத்து, நிதானமாகக் குங்குமம் வைத்தாள்.

"வளந்துட்டா போல. இந்த வருசம் பாவாடைய ஒரு அளவு பெருசா பாத்து வாங்கு."

வாங்குகிறேன்மா என்றேன்.